ஆம்புலன்ஸ் ஓட்டிய பாப்பா

இடைமனுவோடு வந்த பிரமாண வாக்குமூலத்தின் ஏழாவது பத்தி இப்படிப் போனது: "எதிர்மனுதாரர், குழந்தை தன் பொறுப்பில் இருக்கும் நேரங்களில், ஏழு வயது மைனர் பெண்ணை வாகனங்களைத் திருடவும், தெருவில் நடப்பவர்கள் மீது ஏற்றவும், போலீசாரிடமிருந்து தப்பவும் பழக்கி வருகிறார்." ஆகவே சனி, ஞாயிறுகளில் குழந்தை அவர் வீட்டில் இரவு தங்குவதற்கு நீதிமன்றம் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்பது கோரிக்கை.

எதிர்மனுதாரர் என் கட்சிக்காரர். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவர். பைக்கைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பத்தியை நான் வாசித்துக் காட்டியதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"சார், அது கேம் சார். வைஸ் சிட்டி."

ஊரையும் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். குடும்ப நல நீதிமன்ற வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்தது 2022-ல். விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தையின் பாதுகாவலர் உரிமைக்கான ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று மூன்று கட்டுகள் ஒரே நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தை அம்மாவிடம் இருந்தாள். வார இறுதியில் அப்பா வீடு. அதுவரை அந்த ஏற்பாட்டில் பெரிய சண்டை இல்லை.

வைஸ் சிட்டி தெரியாதவர்களுக்காக: 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் 2002-ல் வந்த ஆட்டம் அது. மியாமியை நினைவூட்டும் ஒரு கற்பனை நகரம், காலம் 1986. போதைப்பொருள் பேரத்தில் பணத்தைப் பறிகொடுத்த ஒரு ரவுடி, போகப் போக அந்த நகரத்தையே கைக்குள் கொண்டுவருவதுதான் கதை. ஆனால் நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் அதை ஆடி வளர்ந்த பையன்களில் கதையை முழுசாக முடித்தவர்கள் குறைவு. கண்ணில் பட்ட காரை மறித்து, ஓட்டியவனை இழுத்து இறக்கிவிட்டு, கடற்கரைச் சாலையில் பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். போலீஸ் துரத்தினால் சீட் கோட்: ஒரு ரகசிய வார்த்தையைத் தட்டினால் தப்பிவிடலாம். என் கட்சிக்காரர் அந்தத் தலைமுறை. பழைய லேப்டாப்பில் ஆட்டத்தை இன்னும் வைத்திருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பிறகு மடியில் உட்கார்ந்து அம்புக்குறி பட்டன்களை அழுத்தியிருக்கிறாள். பிறகு அவளே ஓட்டத் தொடங்கியிருக்கிறாள்.

எதிர்த்தரப்பு சாட்சியம் என்று வைத்தது ஒரு சின்ன வீடியோ. அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது குழந்தையே பெருமையாக லேப்டாப் திரையைக் காட்டியிருக்கிறாள். அம்மா அதைப் பதிவு செய்துகொண்டார். மின்னணு சாட்சியத்துக்கு வேண்டிய 65-பி சான்றிதழை ஒழுங்காக இணைத்திருந்தார்கள், அதில் குறை சொல்ல வழியில்லை. வீடியோவில் ஒரு வேன் ஓடுகிறது, பின்னால் போலீஸ் சைரன். குழந்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே தட்டுகிறாள்: எல், ஈ, ஏ, வி, ஈ... 'லீவ் மீ அலோன்' என்று முழுசாக அடித்ததும் சைரன் நின்றுவிடுகிறது. "பாத்தியாம்மா, போலீஸ் போயிட்டாங்க!"

எதிர்த்தரப்பு சீனியர் வக்கீல் இதைச் சும்மா விடுவாரா? "அம்மா, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற குழந்தை. போலீஸை விரட்ட எந்த வார்த்தை அடிக்கணும்னு மனப்பாடமா தெரியுது" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு, நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. அந்த இடத்தில் நான் இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்திருப்பேன்.

என் அலுவலகத்தில் கட்சிக்காரரிடம் நான் முதலில் சொன்னது, ஆட்டத்தை அன்று ராத்திரிக்குள் லேப்டாப்பிலிருந்து நீக்கிவிடுங்கள் என்பதுதான். "துப்பாக்கி எடுக்க விடமாட்டேன் சார், சும்மா வண்டி மட்டும்தான்" என்றார். துப்பாக்கி எடுக்காவிட்டாலும் தெருவில் நடப்பவர்கள் பேசும் பேச்சு காதில் விழும். அடிபட்டவர்களைச் சுற்றிப் படரும் ரத்தம் கண்ணில் படும். ஏழு வயதுக்கு அது ஆகாது என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை. எதிருரையில் அந்த ஆட்டத்தை நியாயப்படுத்தி ஒரு வரிகூட எழுதவில்லை. நீக்கியாகிவிட்டது, இதை மட்டும் வைத்து அப்பா வீட்டில் தங்கும் உரிமையைப் பறிப்பது குழந்தையின் நலனுக்கு ஏற்றதல்ல என்று எழுதினோம். இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 13-வது பிரிவு, பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் 17-வது பிரிவு, இரண்டும் கடைசியில் வந்து நிற்பது நலன் என்ற ஒரே இடத்தில்தான்.

சீனியரின் பிடி வேறு இடத்தில் இருந்தது. ஆட்டத்தின் அட்டையில் 'எம்' என்று போட்டிருக்கிறது. பதினேழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்று அர்த்தம். அதைத் தெரிந்தே கொடுத்த அப்பாவிடம் குழந்தையை எப்படி நம்பி அனுப்புவது? இதோடு 2017-ல் குழந்தைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ப்ளூ வேல் விளையாட்டின் பீதியின்போது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கெடுத்தது, 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பப்ஜியோடு சேர்த்து 118 செயலிகளைத் தடை செய்த அந்த உத்தரவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஏ பிரிவின் கீழ், நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை என்ற காரணங்களைச் சொல்லி வந்தது. குழந்தைகளுக்கு ஆகாது என்று யாரும் அதில் சொல்லவில்லை. நான் எழுந்து இதைச் சொன்னேன். நீதிபதி தலையசைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்.

"இந்த 'எம்' யார் போட்டது? சினிமாவுக்கு போர்டு இருக்கு, சட்டம் இருக்கு. இதுக்கு நம்ம நாட்டுல என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல வாய்தா கேட்டு வாங்கினேன்.

சினிமாவுக்கு 1952-ம் வருடச் சட்டம் இருக்கிறது. ஓ.டி.டி. தளங்கள் தங்கள் படங்களை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. கணினி விளையாட்டுக்கு அப்படி ஒரு தணிக்கை வாரியமோ, வயதுச் சான்றிதழோ இந்தியாவில் கிடையாது. நம் கண்ணில் படும் எண்களும் எழுத்துகளும் வெளியிலிருந்து வந்தவை. 1993-ல் 'மார்ட்டல் காம்பாட்' போன்ற ஆட்டங்களின் வன்முறையைப் பற்றி அமெரிக்க செனட்டில் ஜோ லீபர்மன் என்ற உறுப்பினர் முன்னின்று விசாரணை நடத்தினார். அரசு கைவைப்பதற்குள் நாமே செய்துவிடுவோம் என்று விளையாட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1994-ல் அமைத்ததுதான் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பு. 'எம்' அவர்கள் கொடுத்த எழுத்து. ஐரோப்பாவில் 2003 முதல் பெகி என்ற அமைப்பு 3, 7, 12, 16, 18 என்று எண் கொடுக்கிறது. போனில் வரும் செயலிகளுக்கு இன்னும் சுருக்கமான வழி: விளையாட்டை உருவாக்கியவரே ஒரு கேள்வித்தாளை நிரப்பி அனுப்புவார், ஐ.ஏ.ஆர்.சி. என்ற சர்வதேச ஏற்பாடு அதிலிருந்து வயதைக் கணக்கிட்டுக் கொடுக்கும். கூகுள் பிளே 2015-ல் இந்த முறைக்கு மாறியது. நாம் 'பிளே ஸ்டோரில் 3+ போட்டிருக்கே' என்று நம்புகிற அந்த எண், முதலில் விற்பவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்த பதிலிலிருந்து பிறப்பது.

என் ஜூனியர் ஒரு படி மேலே போய் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே எடுத்து வந்தார். வன்முறை ஆட்டங்களைப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்றால் அபராதம் என்று கலிஃபோர்னியா 2005-ல் சட்டம் போட்டது. 2011 ஜூனில் அந்தச் சட்டம் செல்லாது என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. குழந்தைகளுக்கு நாம் சொல்லும் கிரிம் சகோதரர்களின் கதைகளிலேயே கொடூரத்துக்குப் பஞ்சமில்லை என்று வரிசையாக எடுத்துக்காட்டுகிறார். ஜூனியருக்கு அதை வாசிக்க ரொம்ப ஆசை. வாசித்தார். நீதிபதி புன்னகையோடு கேட்டுவிட்டு, "அது அரசாங்கம் கடைக்காரரைத் தடுக்கலாமான்னு கேள்வி. நான் கேக்கிறது அப்பா கொடுக்கலாமான்னு" என்றார். ஒரே வாக்கியத்தில் முடிந்தது எங்கள் அமெரிக்கப் பயணம்.

அதே பிரமாண வாக்குமூலத்தில் ஒன்பதாவது பத்தி ஒன்று இருந்தது. முதல் வாசிப்பில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தன் வீட்டில் குழந்தை ஆடுவது, 'மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு உகந்தது என கூகுள் நிறுவனமே சான்றளித்த' பூனை வளர்க்கும் விளையாட்டு மட்டுமே என்று அம்மா சொல்லியிருந்தார். கூகுள் சான்றளிக்கவில்லை என்பது இதற்குள் எங்களுக்குத் தெரியும். அந்தப் பத்தி என்னை அப்போது ஈர்க்கவில்லை. பூனைக்குச் சோறு போடும் ஆட்டத்தில் என்ன இருந்துவிடப் போகிறது?

ஜூனியர்தான் மறுபடியும். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. அம்மா தன் வங்கிக் கணக்கு விவரத்தை அதில் வைத்திருந்தார். வேறு எதையோ தேடி அதைப் புரட்டியவர் கண்ணில், வாரத்துக்கு ஒன்றிரண்டாக 89 ரூபாய், 179 ரூபாய் என்று கூகுள் பிளேயின் பெயரில் போயிருந்த தொகைகள் பட்டன. அவ்வளவும் பூனைக்கு வாங்கிய மீனும் தொப்பியும்.

கட்சிக்காரர் துள்ளினார். "அடிச்சு நொறுக்கிடலாம் சார்." நான் ஒப்பவில்லை. அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவர். மாலை ஏழு மணிக்குக் குக்கர் வைக்கிற நேரத்தில் குழந்தை கையில் போனைக் கொடுக்காத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கிறது? இதைக் குற்றச்சாட்டாக எழுதினால் அடுத்த வாய்தாவில் அவர்கள் இன்னொன்று எழுதுவார்கள். குழந்தை எதை விளையாடினாலும் அது சாட்சியம் ஆகிவிடும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவு, வழக்கறிஞர் வைத்து வாதாடுவது இங்கே உரிமையல்ல, அனுமதி பெற்றே வரவேண்டும் என்று சொல்வதன் காரணம் இந்த மாதிரி நேரங்களில்தான் புரியும். அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவில், துறை அறிந்தவர் ஒருவரின் உதவியை, முடிந்தவரை ஒரு பெண்ணின் உதவியை, நீதிமன்றம் நாடலாம் என்று இருக்கிறது. அதன்படி குழந்தையைப் பார்த்து அறிக்கை தர ஒருவரை நியமிக்கும்படி மெமோ போட்டேன். சீனியரும் ஆட்சேபிக்கவில்லை. வீடியோ தன் கையில் இருக்கும்போது அறிக்கை எங்கே போய்விடும் என்று நினைத்திருப்பார்.

நியமிக்கப்பட்டவர் குழந்தை மனநலத்தில் பயிற்சி பெற்ற ஒரு பேராசிரியை. சில பக்க அறிக்கை. இன்றும் என்னிடம் நகல் இருக்கிறது. என் வழக்கு வாழ்க்கையில் நான் வாசித்த நிபுணர் அறிக்கைகளில் மிச்ச எல்லாமே எழுதியவரின் பட்டங்களில் தொடங்கும். இது குழந்தை சொன்னதில் தொடங்கியது.

வைஸ் சிட்டியை மறுபடி ஆடவிடுவது சரியல்ல என்பதால் பேராசிரியை ஒரு தாளைக் கொடுத்து, அந்த ஊரை வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார். குழந்தை ஆஸ்பத்திரியை நடுவில் வரைந்தாள். ஒரு பாலம். நிறைய பனைமரம். அவள் ஓட்டியது ஆம்புலன்ஸ். அந்த ஆட்டத்தில் ஆம்புலன்ஸில் ஏறி ஒரு பட்டனை அழுத்தினால், ஊருக்குள் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தேடிப்பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வேலை வரும். முதல் சுற்றில் ஒருவர், அடுத்ததில் இருவர் என்று பன்னிரண்டு வரை ஏறும். "மூணு பேருக்கு மேல வண்டியில ஏற மாட்டாங்க மிஸ். அவங்கள விட்டுட்டுத் திரும்பி வரணும்." போலீஸ் ஏன் வந்தார்கள்? "அவசரத்துல நானே யாரையாவது இடிச்சிடுவேன். அவங்களையும் ஏத்தலாம்னு பாத்தா முடியாது. அதான் எனக்குப் பிடிக்கல."

இதோடு நின்றிருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். அடுத்த பத்தியில், அந்த ஆட்டத்தில் தெருவில் போகிறவர்கள் கத்தும் ஒரு வசைச்சொல்லை அர்த்தம் தெரியாமல், சிரித்துக்கொண்டே, குழந்தை சொல்லிக் காட்டியதும் பதிவாகியிருந்தது. 'எம்' என்ற எழுத்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. என் கட்சிக்காரர் அந்த வரியை வாசித்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பூனை ஆட்டத்தை அம்மாவின் போனில் குழந்தை ஆட, பேராசிரியை பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்திருந்தார். சில நிமிடங்களுக்கு ஒரு விளம்பரம். அதில் ஒன்று பணம் வைத்து ஆடும் ரம்மிக்கு. விளம்பரத்தை மூடும் 'எக்ஸ்' குறி எப்போது வரும் என்று குழந்தைக்குத் தெரிந்திருந்தது. "இது பொய் எக்ஸ் மிஸ், இதைத் தொட்டா வேற எங்கேயோ போயிடும்" என்று சொல்லியும் கொடுத்திருக்கிறாள். விளம்பரத்தை முழுசாகப் பார்த்தால் காசு கிடைக்கும். தினமும் வந்தால் பரிசு. ஒருநாள் தவறினால் சேர்ந்தது போய்விடும். பூனை வாடிய முகத்தோடு நோட்டிஃபிகேஷனில் வந்து கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டில் குழந்தை ஏன் விடியற்காலையில் எழுந்து அம்மாவின் போனைக் கேட்டு அழுகிறாள் என்பது என் கட்சிக்காரருக்கு அன்றுதான் விளங்கியது. அம்மாவைத் தேடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் நான் பென்சிலால் கோடு போட்ட இடம் ஒன்றுண்டு. இரண்டையும் பற்றிப் பேராசிரியை ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்: இந்த விளையாட்டு எப்போ முடியும்? ஆம்புலன்ஸுக்கு வந்த பதில், "ஆஸ்பத்திரியில இறக்கிட்டா முடிஞ்சுது. அப்பா போதும்பாரு." பூனைக்கு வந்த பதில், "அது முடியாது மிஸ்."

வயது எண் என்ன செய்கிறது என்று எனக்கு அன்றுதான் தெளிந்தது. திரையில் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்பதை அது சொல்கிறது: ரத்தம், கெட்ட வார்த்தை, நிர்வாணம், போதை, சூது. அதைச் சொல்லட்டும், வேண்டியதுதான். ஆட்டம் குழந்தையை எப்படிப் பிடித்துவைக்கிறது, எப்போது விடுகிறது என்பதை அந்த எண்ணுக்குள் அடக்கவில்லை. பிளே ஸ்டோரில் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'செயலிக்குள் வாங்கும் வசதி', 'பிறருடன் உரையாடலாம்' என்றெல்லாம் இருக்கும். யாரும் கீழே போய்ப் படிப்பதில்லை. ஐரோப்பாவின் பெகி அமைப்பே, ஆட்டத்துக்குள் காசு கேட்கிறது என்ற குறியீட்டை 2018-ல்தான் சேர்த்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகளைப் பற்றிய எச்சரிக்கை 2020-ல் வந்தது. குழந்தைகள் பெற்றோருக்குத் தெரியாமல் ஆட்டங்களுக்குள் வாங்கியதற்காக ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித்தர ஒப்புக்கொண்டது 2014-ல். அந்த ஆட்டங்களில் பல, எண்ணைப் பார்த்தால், பச்சைக் குழந்தைக்கும் கொடுக்கலாம் போலத்தான் இருந்திருக்கும்.

நம் சட்டத்தில் மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-ல் மோஹரி பீபீ வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரி முதல் வருடத்திலேயே படிப்போம். அதை வைத்து 89 ரூபாயைத் திரும்பக் கேட்டு யார் வழக்குப் போடுவார்கள்? போட்டாலும் போன் அம்மாவுடையது, கணக்கு அம்மாவுடையது.

நீதிபதி அறிக்கையை வாசித்துவிட்டு இரண்டு கட்சிக்காரர்களையும் அறைக்குள் அழைத்தார். எங்களை வெளியே நிறுத்திவிட்டார். என்ன பேசினார் என்று இருவருமே சொல்லவில்லை. வெளியே வந்தபோது இருவரும் ஒரே பெஞ்சில், நடுவே ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். சீனியர் என்னைப் பார்த்து, "ஜாயின்ட் மெமோ போட்டுடுவோமா தம்பி?" என்றார்.

மெமோ எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வரைவில் "மைனர் குழந்தைக்கு வயதுக்கேற்ற கணினி விளையாட்டுகளை மட்டுமே இரு தரப்பினரும் அனுமதிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தோம். நீதிபதி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வயதுக்கேற்றது என்று யார் சொல்வது? அடுத்த சண்டைக்கு நீங்களே விதை போடுகிறீர்கள் என்றார். சரி, எண்ணைப் போடுவோம், '7+ அல்லது அதற்குக் கீழ்' என்றார் சீனியர். அப்படியானால் பூனை ஆட்டம் உள்ளே வந்துவிடும். விளையாட்டுகளின் பெயர்களைப் பட்டியலிடலாம் என்றேன் நான். ஆறு மாதத்தில் பட்டியல் பழசாகிவிடும், ஒவ்வொரு தடவையும் மனு போடுவீர்களா என்று பேராசிரியை கேட்டார். அவரையும் உட்காரவைத்துத்தான் எழுதினோம்.

கடைசியில் வந்த ஷரத்து வக்கீல் பாஷையில் இல்லை. வன்முறைக்கும் பேச்சுக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும், 7-க்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டியும் ஆட்டத்தைப் பெற்றோர் முதலில் தாங்களே அரை மணி ஆடிப் பார்க்க வேண்டும். இணையத்தைத் துண்டித்தாலும் ஓட வேண்டும். துண்டித்தால் ஓடாத ஆட்டம் இந்த வயதுக்கு வேண்டாம். இந்த ஒரு வரியில் விளம்பரம், முகம் தெரியாதவரோடு பேச்சு, உள்ளே காசு கேட்பது என்று முக்கால்வாசி விவகாரம் அடங்கிவிடுகிறது என்பது பேராசிரியையின் யோசனை. இவ்வளவு எளிய சோதனையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. போனில் கார்டோ யு.பி.ஐ.யோ இணைத்திருந்தால் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்க வேண்டும். ஆடுவது கூடத்தில். இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐந்து முதல் பத்து வயதுக்கு எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது. அதை மேல்வரம்பாக வைத்தோம். அதற்குள் எப்போது நிறுத்துவது என்பதை நிமிடக் கணக்கில் எழுத பேராசிரியை விடவில்லை. ஒரு சுற்று, ஒரு பயணம், ஒரு படம் என்று ஆட்டத்தின் கணக்கிலேயே நிறுத்த வேண்டும். நிறுத்த இடமில்லாத ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. சீனியர் இதைச் சட்ட மொழியில் எப்படி எழுதுவது என்று தலையைச் சொறிந்தார். "இயல்பான முடிவு உள்ள விளையாட்டு" என்று எழுதினோம்.

தொடங்குவதற்கு என்று ஒரு சில பெயர்களையும் இணைப்பில் வைத்தோம், கட்டாயமாக இல்லாமல். லேப்டாப்புக்கு டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி. இரண்டும் இலவசம், விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமல் ஓடும். டக்ஸ் பெயின்டில் ஸ்டாம்ப் குத்தும் சத்தத்துக்கே குழந்தைகள் மயங்கிவிடும். மைன்கிராஃப்ட் வேண்டுமானால் அரக்கர்கள் வராத நிலையில், யாருடனும் சேராமல், தனியாகக் கட்டி விளையாட மட்டும். இது என் கட்சிக்காரர் கேட்டது. ஐரோப்பிய எண் 7 என்பதால் அம்மா ஒத்துக்கொண்டார். வண்டி ஓட்டும் ஆசைக்கு என்ன செய்வது? யூரோ ட்ரக் சிமுலேட்டர் என்றார் அப்பா. பெகி எண் 3. சரக்கை ஏற்றிக்கொண்டு போய் சேரவேண்டிய ஊரில் நிறுத்தினால் பயணம் முடிந்தது. ஓட்டுநருக்குத் தூக்கம் வந்தால் வண்டியை ஓய்விடத்தில் நிறுத்தித் தூங்கவைக்க வேண்டும். பேராசிரியைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

இடைமனு வாபஸ் ஆனது. வார இறுதி ஏற்பாடு பழையபடி தொடர்ந்தது. மெமோவை மீறியதாக ஒரே ஒரு புகார் வந்தது, அதுவும் தாத்தாவின் போனில். தாத்தா நகரப் பேருந்துகளின் வண்ணம் பூசிய 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா'வை இறக்கிக் கொடுத்திருக்கிறார். எந்த ஊர் தனியார் பஸ்ஸின் ஹாரன் வேண்டுமோ அதை யூட்யூப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் மத்தியில் அது தனி உலகம். ஆட்டம் மோசமில்லை, இடையில் வரும் விளம்பரம்தான் பிரச்சினை. தாத்தா போனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் தர ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. இரண்டு வழக்கறிஞர்கள் அதற்காகப் போனில் கால் மணி நேரம் பேசினோம், கட்டணம் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்திருக்கின்றன. 2023-ம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடுவதையும் அதற்கு விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. நல்லதுதான். ஆனால் பூனைக்கு ஒரு நாளாவது பட்டினி போடலாமா என்று ஏழு வயதுக்காரிக்கு வரும் கவலை எந்தப் பிரிவிலும் அடங்காது.

இணையத்தைத் துண்டிக்கும் அந்த ஷரத்து எங்கள் ஊர் வழக்கறிஞர்களிடையே கைமாறிக் கைமாறிப் போய்விட்டது. சில மாதங்களுக்கு முன் வேறொரு வழக்கில் எதிர்த்தரப்பு அதை எழுத்துப் பிசகாமல் வரைவில் வைத்திருந்தது. அந்தப் பையனுக்கு வயது பதினான்கு. நண்பர்களோடு இணையத்தில் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடுகிறவன். பள்ளி மாறிப் போன பிறகு பழைய நண்பர்களைச் சந்திப்பதே அங்கேதான். நான் எழுந்து ஆட்சேபித்தேன். ஏழு வயதுக்கு எழுதியதைப் பதினான்கு வயதுக்குப் போட முடியாது, அந்த வயதில் மைனரின் விருப்பத்தையும் கேட்க 17(3) பிரிவு இடம் தருகிறது என்றேன். "இதை எழுதினதே நீங்கதானாமே?" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். ஆமாம் என்றேன். நீதிபதி அந்த வரியை அடித்துவிட்டு, பையனை அடுத்த வாய்தாவுக்குக் கூட்டிவரச் சொன்னார்.